வலப்பக்கமாச் சுத்துங்க

அது துரு இல்லீங்க தம்பி. தொட்டுப் பாருங்க, கையில ஒட்டும். அதென்னன்னு அப்புறம் சொல்றேன். முதல்ல இப்படி றெக்கைக்குக் கீழ வாங்க. இந்தத் தகரக் கொட்டாய் உச்சி வெயிலுக்கு அடுப்பாக் காயும், இங்கதான் கொஞ்சம் தேவலை.

விமானத்துல ஒரு குறையும் இல்லை. ரெண்டு பேர் உக்கார்ற சின்ன வண்டி. இன்ஜினைப் போட்டுக் காட்டறேன், நீங்களே காது குடுத்துக் கேளுங்க. பறக்கறப்பவே ஜன்னலைத் தொறக்கலாம். செம்மண்ணு நிறம் நான் அடிச்சது, எங்க தோட்டத்து மண்ணு நிறம். மூக்கு மட்டும் வெள்ளை. அப்புறம் எதுக்கு விக்கறீங்கன்னு போன்லயே கேட்டீங்க. நேர்ல வாங்க சொல்றேன்னு சொன்னேன். ஏன்னா அதைச் சொல்ல ஆரம்பிச்சா போனைத் தூக்கி எறிஞ்சுபோடுவேன்.

உங்க ஊர்ப்பக்கம் ஏர்ஃபோர்ஸ்காரங்க பேஸ் ஏதாச்சும் இருக்குதுங்களா? இல்லையா? அப்ப நீங்க புண்ணியம் பண்ணினவருங்க. எனக்கு இருக்குது. பக்கத்துலயே இருக்குது.

நான் கோழிக்காரனுங்க. சென்னியப்பன்னு கேட்டீங்கன்னா இந்தப் பக்கம் ஆருக்கும் தெரியாது, கோழிப்பண்ணைக்காரர்னு கேட்டாத்தான் வழி சொல்லுவாங்க. ஐம்பது வயசுக்கு மேலதான் விமானம் ஓட்டப் படிச்சேன். டவுசர் போட்ட காலத்துல இருந்து அவங்க விமானம் தலைக்கு மேல போறதை அண்ணாந்து பாத்து வளர்ந்தவன். அந்த ஆசை போகலை. லைசென்ஸ் வாங்குன அன்னைக்கே எங்க பங்காளி குழந்தைவேலு சொன்னான், "கோழிக்குத்தான் பறக்க வராது, கோழிக்காரனாச்சும் பறக்கட்டும்"னு. அவன் வாய் அப்படி. அவனைப் பத்திப் பேசினாலே எனக்கு வயிறு எரியுது. ஆனா பேசித்தான் ஆகோணும்.

இங்க பாருங்க, என் கையைப் பாருங்க. இது நம்ம ஓடுதளம். இந்தக் கிழக்கால கோடியில செங்காட்டுப்பாளையம், எங்க குலதெய்வம் செல்லாண்டியம்மன் கோயில் அங்கதான். நடுவுல பேஸ். காருல சுத்திப் போனா ஒரு மணி நேரம் புடிக்கும். மேல போனா வெத்தலை மடிச்சு வாயில போடற நேரம். ஆனாப் போக முடியாது. நடுவுல இருக்கறது அவங்க வானம். வானத்துக்கு வேலி போட்டிருக்காங்க தம்பி. நம்ம தோட்டத்து வேலின்னா கண்ணுக்காச்சும் தெரியும்.

ஒவ்வொரு தடவையும் டவரைக் கேக்கோணும். அங்க ஒரு மேடம் இருக்காங்க. பாலக்காட்டுப் பொண்ணு, ஆபீசர். பேரைச் சொல்ல மாட்டேன், பட்டாளத்துல இருக்கற புள்ளை. ரேடியோவுல இங்கிலீஷ், போன்ல தமிழ். எந்த பாஷையில பேசினாலும் ஒரே வார்த்தைதான், "ஸ்டாண்ட் பை". ஸ்டாண்ட் பைன்னா தெரியுமுங்கள்ல, இரு, சொல்றேன்னு அர்த்தம். சொல்லவே மாட்டாங்க. இன்ஜின் ஓடிட்டே இருக்கும், பெட்ரோல் எரிஞ்சுட்டே இருக்கும், அவங்க பசங்க ஒவ்வொருத்தனா ஏறுவான், ஒவ்வொருத்தனா இறங்குவான், நான் இங்க வண்டிக்குள்ள வெந்துட்டு உக்காந்திருப்பேன். ஒருநாள் பொறுக்க முடியாம போன்ல கேட்டேபுட்டேன். "ஏனுங் மேடம், என் பூமிக்கு எங்கிட்டப் பத்திரம் இருக்குது. இந்த வானத்துக்கு ஆருகிட்டப் பத்திரம் இருக்குது?" அந்தப் பொண்ணு கொஞ்சங்கூடக் கோவிச்சுக்கலை. "யாருகிட்டயும் இல்லை சார். அதனாலதான் கேட்டுட்டுப் போகணும்"னு சொல்லுச்சு. இது நியாயமுங்களா? சொல்லுங்க.

சரி, விசயத்துக்கு வர்றேன். போன தையில எங்க கோயில் கும்பாபிஷேகம். அதுக்கு முன்னால எங்க கூட்டத்து ஆளுக எல்லாம் உக்காந்து பேசினோம். கூட்டம்னா எங்க பக்கத்துல ஒரே குலத்துக்காரங்க. குழந்தைவேலுதான் கமிட்டித் தலைவன். மைக்கைப் புடிச்சா விடமாட்டான். கலசத்துக்குப் பூத் தூவறதுக்கு ஹெலிகாப்டர் வாடகைக்கு எடுக்கலாம்னான். நான் எந்திரிச்சு நின்னேன். "சொந்த விமானம் வீட்டுல நிக்கறப்ப வாடகைக்கு எதுக்கு? குருக்கள் கலசத்துல தண்ணி ஊத்தற நேரத்துக்கு மேல இருந்து பூ விழும். நான் பொறுப்பு"ன்னு சொன்னேன். எல்லாரும் கைதட்டினாங்க. குழந்தைவேலு மட்டும் தட்டலை. மைக்கை வாய்க்கிட்ட வெச்சு, "பேஸ்காரன் உட்டாத்தானே"ன்னான்.

அந்த ஒரு வார்த்தைதான் தம்பி. அன்னைக்கு நான் முடிவு பண்ணினது, உசுரே போனாலும் அந்த நேரத்துக்கு அந்தக் கோபுரத்துக்கு மேல நான் இருக்கோணும். அம்மன் முன்னால குடுத்த வாக்கு. தவறினா அந்த மண்ணை நான் மிதிக்க முடியாது. மிதிச்சாலும் குழந்தைவேலு மிதிக்க உடமாட்டான்.

பெர்மிஷனுக்கு அலைஞ்சேன் பாருங்க, அதைச் சொன்னாப் பொழுது போயிரும். மேல இருந்து எச்சில்கூடத் துப்பக்கூடாதாம், அதுக்கும் சட்டம் இருக்குதாம். பூவுக்குத் தனியா ஒரு அனுமதி, அவங்க வானத்துல நுழையத் தனியா ஒரு அனுமதி. எல்லாம் முடிஞ்சு கடைசியில மேடம் ஒரு குண்டைப் போட்டாங்க. என் பண்ணைக்குப் பின்னால செத்த கோழியைக் கொட்டற குழி ஒண்ணு இருந்துச்சு. அதுக்குப் பருந்து வருதாம், கருடன் வருதாம், அவங்க விமானத்துல மோதுற மாதிரி வருதாம். "ஒரு பறவை இன்ஜினுக்குள்ள போனா ஒரு உயிர் போயிடும் சார்"னாங்க. நான் கேட்டேன், "பருந்துக்கு நானா மேடம் சோறு போட்டு வளர்க்கறேன்?" "ஆமா சார், நீங்கதான்"னாங்க.

சரி போகட்டும்னு குழியை மூடினேன். மண்ணள்ளிக் கொட்டி, மேல தென்னங்கன்னு நட்டு, செத்த கோழியை எரிக்கறதுக்குன்னு ஒரு சூளையும் கட்டினேன். ஆரு கேட்டாங்க? அம்மனுக்காகப் பண்ணினேன். ஒரே மாசத்துல வானம் தொடச்சு வெச்சாப்பல ஆயிருச்சு. ஒரு பருந்து இல்லை, ஒரு காக்கா இல்லை. மேடமே போன் பண்ணி, "ரொம்ப நன்றி சார், கும்பாபிஷேகத்தன்னைக்கு உங்களுக்கு வழி விடறோம்"னு சொன்னாங்க. சொன்னாங்க தம்பி. இந்தக் காதுல கேட்டேன்.

அன்னைக்குக் காலையில பாக்கியத்தை ஏத்தினேன். பாக்கியம் எங்க வீட்டம்மா. இத்தனை வருசத்துல நான் கூப்பிட்டப்பெல்லாம், "நீங்க பத்தரமா இறங்கி வந்தாப் போதும்"னு வேப்பமரத்தடியிலயே நின்னவ. அன்னைக்கு வந்தா. நான் ஓட்டோணும், பூவை ஆரு போடறது? மடியில ஒரு கூடை, காலடியில ஒரு கூடை. செவ்வந்தி, ரோசா, செவ்வரளி. கண்ணை இறுக மூடிட்டு அம்மன் பேரையே சொல்லிட்டிருந்தா. தரையை விட்டுக் கிளம்பினப்ப என் தொடையைப் புடிச்ச புடி இன்னும் கன்னிப்போய்த்தான் இருக்குது.

பெரிய குளம் வரைக்கும் போனேன். அதுதான் அவங்க எல்லை. கூப்பிட்டேன். மேடம் வந்தாங்க. "ஹோல்ட். குளத்துமேலயே சுத்திட்டு இருங்க, வலப்பக்கமா"ன்னாங்க.

எனக்கு எப்படி இருந்திருக்கும்? வழி உடறோம்னு சொன்ன அதே வாய். அதுலயும் வலப்பக்கமா. நான் உக்கார்றது இடப்பக்க சீட்டு. இடமாச் சுத்தினா எனக்குக் கீழ தெரியும், தூரத்துல கோபுரம் தெரியும். வலமாச் சுத்தினா பாக்கியத்தோட தோளுதான் தெரியும். இடமாச் சுத்தறேன்னு கேட்டேன். முடியாது, வலம்தான்னுட்டாங்க. இடப்பக்கம் அவங்க விமானம் இறங்கற வழியாம். பாக்கியம் கண்ணைத் தொறக்காமயே சொல்றா, "வலமாச் சுத்தச் சொல்றாங்கன்னா நல்லதுதானுங்களே. கோயில்லயும் அப்படித்தானே சுத்தறோம்." அவளுக்கு என்ன தெரியும்?

சுத்தினேன். சுத்தறேன், சுத்தறேன், சுத்திட்டே இருக்கேன். கேட்டாக்க ஸ்டாண்ட் பை. அங்க மேளம் கொட்டிட்டு இருப்பாங்க. குருக்கள் கும்பத்தைத் தூக்கிட்டுக் கோபுரம் ஏறியிருப்பாரு. குழந்தைவேலு மைக்குல என்ன சொல்லிட்டிருப்பான்னு நினைக்க நினைக்க எனக்குக் கண்ணெல்லாம் செவந்துபோச்சு. ரேடியோவுல நானும் ஏதோ சத்தம் போட்டேன். அப்பத்தான் மேடம் சொன்னாங்க, "சார், ப்ளீஸ் ரேடியோவுல பேசாதீங்க. எங்க விமானம் ஒண்ணுக்குச் சக்கரம் இறங்கலை."

சக்கரம் இறங்கலைன்னா அது அவங்க சோலிங்க. அவங்க சக்கரம், அவங்க பையன், அவங்க ஓடுதளம். அதுக்கு நான் எதுக்குக் குளத்தைச் சுத்தோணும்? மேல எவ்வளவு இடம் கிடக்குது. ஓரமா உட்டா நான் பாட்டுக்குப் போயிருப்பேன். ஆனா அந்தப் பொண்ணோட குரல் அன்னைக்கு ஒரு மாதிரிதான் இருந்துச்சு, அதையும் சொல்லிப்போடறேன். ஒவ்வொரு வார்த்தையா எடுத்து எடுத்து வெச்சுது, முட்டையை அட்டையில அடுக்கற மாதிரி.

பாக்கியம் கண்ணைத் தொறந்துட்டா. "ஏனுங்க, எந்தப் புள்ளையோ மேல மாட்டிக்கிச்சுங்களா?" "ஆமா." "அவங்கம்மாவுக்குத் தெரியுமுங்களா?" "எனக்கென்ன தெரியும்? பேசாம இரு." அவ ஜன்னலைத் தொறந்தா. ஒரு கை பூவை அள்ளி வெளிய உட்டா. "அம்மா தாயே, அந்தப் புள்ளையைக் கீழ இறக்கி உடு." மறுபடியும் ஒரு கை. கோயிலுக்குப் போக வேண்டிய பூ, குளத்துல போய் விழுகுது. "அடியே, கோபுரத்துக்குக் கொண்டுவந்ததைக் கண்ட இடத்துல கொட்டறயே"ன்னு கத்தினேன். "அவ எங்க போட்டாலும் எடுத்துக்குவா"ங்கறா. இப்படி ஒருத்தியைக் கட்டிக்கிட்டு நான் விமானம் ஓட்டினேன்.

அந்த விமானம் இறங்கிருச்சு. எப்படியோ சக்கரம் வந்துருச்சாம். ஓடுதளத்தைக் கூட்டிப் பாத்து, வண்டியை இழுத்துட்டுப் போயி, அப்புறமாத்தான் எனக்கு வழி உட்டாங்க. "யூ ஆர் கிளியர்ட், தேங்க் யூ சார்." தேங்க் யூவாம். நேரம் எல்லாம் எப்பவோ போச்சு. பாக்கியம் சொன்னா, வேண்டாமுங்க, திரும்பிப் போயரலாம்னு. எனக்கு மனசு ஆறலை. குடுத்த வாக்கு. லேட்டானாலும் பூ விழோணும். போனேன். கோபுரத்துக்கு மேல நல்லாத் தாழ இறங்கி, "கொட்டு"ன்னேன். கொட்டினா.

தம்பி, விமானம் போற வேகத்துல பூ நேராக் கீழ விழாதுங்க. தள்ளிப் போய்த்தான் விழும். எனக்கு அது தெரியும். கோவத்துல மறந்துட்டேன். கோபுரத்துக்குப் பின்னால காலியிடத்துல பந்தி நடந்துட்டிருக்குது. பந்தல் பத்தாம வெட்டவெளியில இலை போட்டிருக்காங்க. அத்தனையும் அங்க விழுந்துச்சு. சோத்துல, ரசத்துல, பாயாசத்துல. செவ்வந்தின்னாக்கூடப் பரவாயில்லை, எடுத்துப் போட்டுட்டுத் தின்னுருப்பாங்க. செவ்வரளி பாருங்க. அது விசமாச்சே. அத்தனை இலையையும் எடுத்துப் போட்டுட்டு மறுக்கா சோத்துக்கு ஒலை வெச்சிருக்காங்க. எங்க கூட்டத்துச் சனம் பசியோட வெயில்ல நின்னுட்டு என்னைத் திட்டின திட்டு இருக்குதே. "சாமிக்குப் போடற பூவைச் சாம்பாருக்குப் போட்டுட்டான் கோழிக்காரன்"னு குழந்தைவேலு மைக்குலயே சொன்னானாம்.

சிரிங்க, சிரிங்க. பரவாயில்லை. அத்தனை பேரும் சிரிச்சாச்சு.

இதோட போயிருந்தா நான் விமானத்தை வித்திருக்க மாட்டேன். திட்டு வாங்கறது எனக்குப் புதுசா? இனிமேதான் விசயமே இருக்குது.

இங்க வந்து இறங்கி, காரை எடுத்துக்கிட்டு ரெண்டு பேரும் கோயிலுக்குப் போனோம். மன்னிப்புக் கேக்கத்தான் போனோம். போனா அங்க ஒருத்தரும் என்னைக் கண்டுக்கவே இல்லை. வேற ஒரு பேச்சு ஓடிட்டிருக்குது. எல்லார் மூஞ்சியிலயும் ஒரு வெளிச்சம். என்னன்னு கேட்டா, கருடன் வந்துச்சாம்.

கும்பாபிஷேகம்னா கருடன் வந்து வட்டம் போடோணுமுங்கள்ல, அதைப் பாத்துட்டுத்தானே குருக்கள் கலசத்துல தண்ணி ஊத்துவாரு. அன்னைக்குப் பாருங்க, மேல ஒரு குருவிகூட இல்லையாம். குருக்கள் கும்பத்தைக் கையில வெச்சுட்டு அண்ணாந்து நிக்கறாரு, சனமெல்லாம் அண்ணாந்து நிக்குது, நல்ல நேரம் போயிட்டே இருக்குது. பொம்பளைக அழ ஆரம்பிச்சுட்டாங்களாம், அம்மனுக்கு என்ன குறை வெச்சோமோன்னு. அப்ப குழந்தைவேலு மைக்குல கத்தியிருக்கான், "அதோ கருடன்"னு. மேக்கால கையைக் காட்டியிருக்கான்.

எங்கிட்டயே சொல்றான் தம்பி, என் தோள் மேல கையைப் போட்டுட்டு. "உனக்குக் குடுத்து வெக்கலை பங்காளி. குளத்துக்கு மேல, நல்ல உசரத்துல. செவந்த உடம்பு, வெள்ளைத் தலை. வலமாச் சுத்துது. சுத்துது, சுத்துது, சுத்திட்டே இருக்குது. ஒரு வாட்டி றெக்கையை அசைக்கலை. என் வயசுக்கு இப்படி ஒரு கருடனை நான் பாத்ததில்லை." சொல்றப்ப அவனுக்குக் கண்ணுல தண்ணி நிக்குது. குழந்தைவேலுவுக்கு.

எனக்கு முதல்ல உறைக்கலை. அப்புறம் உறைச்சுது. வாயைத் தொறந்தேன். பாக்கியம் முதுகுல கிள்ளினா பாருங்க, சதையே வந்துருச்சுன்னு நினைச்சேன். இழுத்துட்டுப் போயி காருக்குள்ள உக்கார வெச்சா.

"அது நான்டி"ன்னேன்.

"தெரியுமுங்க"ன்னா.

"போயிச் சொல்றேன் உடு. அந்தக் குழந்தைவேலுகிட்டச் சொல்லோணும், நீ கும்பிட்டது கோழிக்காரனைன்னு."

"சொல்லுங்க. அத்தனை சனமும் அழுது கும்பிட்டு ஊத்துன தண்ணி. கருடன் வராமயே ஊத்துனதுன்னு போயிச் சொல்லுங்க. மறுக்கா கும்பாபிஷேகம் பண்ணுவாங்களா? பன்னெண்டு வருசம் இந்த நெஞ்சரிச்சலோட இருப்பாங்களா?"

"வராமப் போகலை. நான் வந்தேன்."

"அதைத்தானுங்க நானும் சொல்றேன். நீங்க வந்தீங்க. அதுக்கு மேல என்ன? எந்தக் கருடனாச்சும் கீழ இறங்கி வந்து மைக்கைப் புடிச்சு, நான்தான் கருடன்னு சொல்லுச்சா?"

என்ன பேச்சுப் பேசறா பாருங்க. அப்புறம் ஒண்ணு சொன்னா, எனக்கு அது புரியலை. "குழியை மூடச் சொன்னதும் அந்தப் பேஸ்காரங்கதான், குளத்தைச் சுத்தச் சொன்னதும் அவங்கதான். அம்மனுக்கு ஆரை வெச்சு என்ன பண்ணிக்கோணும்னு தெரியுது"ன்னா. எதுக்கு எதை முடிச்சுப் போடறான்னு பாருங்க. குழிக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

சரி, சொல்லலை. ஆருகிட்டயும் சொல்லலை. உங்ககிட்டத்தான் முதல்ல சொல்றேன், நீங்க வெளியூர். ஆனா கஷ்டமுங்க. கும்பாபிஷேகம் முடிஞ்சா தினமும் மண்டல பூஜை நடக்குமுங்கள்ல, தினமும் குழந்தைவேலு அந்தக் கருடன் கதையைச் சொல்லுவான். தினமும் அது கொஞ்சம் பெருசாகும். கோயில் சுவத்துல படம் வேற எழுதிப்போட்டாங்க, குளத்து மேல கருடன். வர்றவங்க எல்லாம் அதுக்கு முன்னால கன்னத்துல போட்டுக்கறாங்க. ஒருநாள் குழந்தைவேலு என்னைப் பாத்து, "என்ன பங்காளி, சும்மா நிக்கறே? கும்புடு"ன்னான். அத்தனை பேரும் பாக்கறாங்க. எனக்கு நானே கன்னத்துல போட்டுக்கிட்டேன் தம்பி. உலகத்துல எவனுக்காச்சும் இந்தக் கெதி வந்திருக்குமுங்களா?

அதான் மண்டல பூஜை முடியற அன்னைக்கு ஒரு காரியம் பண்ணினேன். அன்னைக்கும் ஒரு அபிஷேகம் இருக்குது, அன்னைக்கும் சனம் அண்ணாந்து பாக்கும்னு தெரியும். வானத்துல ஒரு பருந்து இல்லைன்னும் தெரியும். மறுக்கா ஒருவாட்டி வர்றேன்னு நினைச்சேன். பேரு வேண்டாம், நான்னு ஆருக்கும் தெரிய வேண்டாம். அந்தக் குழந்தைவேலு இன்னொருக்கா என்னைப் பாத்துக் கும்பிடோணும். அதை நான் மேல இருந்து நினைச்சுக்கிட்டாப் போதும். பாக்கியத்துகிட்டச் சொன்னேன். "அன்னைக்குச் சுத்த வெச்சது அம்மன். இன்னைக்கு நீங்களாப் போயிச் சுத்தினா அது வேசமுங்க. போகாதீங்க"ன்னுட்டுக் காரு ஏறிக் கோயிலுக்குப் போயிட்டா. டவருல முதல் நாளே சொல்லி வெச்சிருந்தேன், நான் இந்தப் பக்கம் இன்ஜினைப் போட்டேன்.

குளத்துக்கு வந்து டவரைக் கூப்பிட்டேன். "குளத்துமேல ஹோல்ட் பண்றேன் மேடம், வலப்பக்கமா"ன்னேன்.

"வேண்டாம் சார்"னாங்க.

நான் கேட்டேன், "ஏன் மேடம்?"

"வழி காலியா இருக்கு சார். அன்னைக்கு எங்களுக்காக அவ்வளவு நேரம் காத்திருந்தீங்க. அந்தப் பைலட் இங்கதான் என் பக்கத்துல நிக்கறாரு, உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னாரு. இன்னைக்கு உங்களுக்காக எங்க விமானம் எல்லாத்தையும் தரையிலயே நிறுத்தி வெச்சிருக்கோம். நேரா கோயிலுக்குப் போங்க."

நான் சொல்றேன், வேண்டாம் மேடம், நான் இங்கயே சுத்தறேன்னு. எதுக்கு சார்னு கேக்கறாங்க. எதுக்குன்னு சொல்றது? ரேடியோவுல, அத்தனை பேர் கேக்கறப்ப, கருடனா இருக்கறதுக்குன்னா சொல்ல முடியும்? இத்தனை வருசமா நான் கேட்டு ஒருநாள் உடனே வழி உட்டிருப்பாங்களா? சுத்தக்கூடாதுன்னு கிடந்து தவிச்சப்பெல்லாம் சுத்த உட்டாங்க. சுத்தறேன்னு கெஞ்சறேன், போ போங்கறாங்க. "எங்க பசங்க இன்ஜினைப் போட்டுட்டு வெயில்ல காத்திருக்காங்க சார், சீக்கிரம் போயிட்டு வந்துடுங்க"ன்னாங்க. நான் என்ன பண்ணுவேன்? போனேன். பூவும் இல்லை, ஒண்ணும் இல்லை. நேராக் கோபுரத்துக்கு மேல, டுர்ருன்னு சத்தத்தோட போயிட்டுத் திரும்பி வந்தேன். கீழ அத்தனை மூஞ்சியும் அண்ணாந்து இருந்துச்சு.

இறங்கி இன்ஜினை நிறுத்தறேன், பாக்கியம் போன்ல கூப்பிடறா. "ஏனுங்க, இப்படிப் பண்ணிட்டீங்களே"ன்னா. என்னன்னேன். குளத்து மேல மறுபடியும் கருடன் தெரிஞ்சுதாம். குழந்தைவேலுதான் பாத்தானாம். எல்லாரும் கையைத் தூக்கிட்டாங்களாம். அதுக்குள்ள நான் விமானத்தை எடுத்துட்டு வந்து அதை வெரட்டிட்டேனாம்.

புரியுதுங்களா தம்பி? நான் வந்து என்னையே வெரட்டிட்டேன்னு ஊரே சொல்லுது.

கமிட்டியில தீர்மானம் போட்டுட்டாங்க, கோயில் விசேசத்தன்னைக்கு இந்த விமானம் மேல போகக்கூடாதுன்னு. குழந்தைவேலு கையெழுத்து. பேஸ்காரங்க வேலியாவது கேட்டாத் தொறப்பாங்க, இவன் வேலி தொறக்காது. அதான் விக்கறேன். மேடம்கூட நேத்துப் போன் பண்ணினாங்க, ஏன் சார் இப்பெல்லாம் வர்றதே இல்லைன்னு. ஸ்டாண்ட் பைன்னு சொல்லிட்டு வெச்சுட்டேன்.

வாங்க, இன்ஜினைப் போட்டுக் காட்டறேன். ஆங், மூக்குல இருக்கறது என்னன்னு கேட்டீங்கல்ல, மறந்தே போனேன். அது மஞ்சளும் குங்குமமும். எங்க வீட்டம்மா வேலை. கும்பாபிஷேகத்துக்கு அடுத்த வெள்ளிக்கிழமை ஆரம்பிச்சா, இன்னைக்கு வரைக்கும் உடலை. வெள்ளிக்கிழமையானாத் தலைக்குத் தண்ணி ஊத்திட்டு வந்து, பொட்டு வெச்சு, கொஞ்ச நேரம் கையைக் கட்டிட்டு நிப்பா. எதுக்குடின்னு கேட்டா இன்னொரு பொட்டு வெப்பா. நல்ல பெயின்ட்டு கெட்டுப்போகுது. இத்தனை பேர் இருக்கற ஊர்ல நான் பண்ணினதைப் புரிஞ்சுக்க ஒரு சனம் இல்லை பாருங்க, அதான் எனக்கு ஆறவே மாட்டேங்குது.

கறைன்னு நினைச்சுராதீங்க. துணி இருக்குது, தொடச்சுக் குடுத்தர்றேன்.